பார்க் ஸ்ட்ரீட் ட்ரிங்காஸ்: பல வருஷமாகப் போய்வருகிறவனின் அனுபவம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ் நண்பர்கள், முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் கேட்பது “பார்க் ஸ்ட்ரீட்ல எங்க சாப்பிடலாம்?” என்றுதான். நான் ட்ரிங்காஸ் என்று சொல்வேன். கூடவே, பாட்டு நடக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள் என்றும் சொல்வேன். வெறும் சாப்பாட்டுக்கு என்றால் அந்தத் தெருவிலேயே நாலைந்து நல்ல இடங்கள் இருக்கின்றன. ட்ரிங்காஸில் நான் இத்தனை வருஷமாகக் காசு கொடுப்பது தட்டில் வருவதற்கு மட்டும் இல்லை, அந்த மேடைக்காகவும்தான். 1960களில் தொடங்கி, ஊரடங்கு மாதிரியான காலங்களை விட்டுப் பார்த்தால், அங்கே பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பழைய நாற்காலியையும் பழைய மெனுவையும் காப்பாற்றி வைத்திருக்கும் ஓட்டல்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இசைக்காரர்களுடைய பிழைப்பைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஓட்டல் என்று எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இது ஒன்றுதான்.

நான் இருப்பது லேக் மார்க்கெட் பக்கம். வாழையிலை, மல்லிகைப்பூ, காபிப் பொடி எல்லாம் கிடைக்கிற, கொல்கத்தாத் தமிழர்களின் பழைய பேட்டை. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் பார்க் ஸ்ட்ரீட். 1984 அக்டோபரில் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடிய சின்னப் பாதையில் இருந்த ஸ்டேஷன்களில் அதுவும் ஒன்று. மேலே ஏறி வந்து சௌரங்கி என்கிற பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பினால், இடது கைப் பக்கம் பார்க் ஹோட்டலை ஒட்டி ட்ரிங்காஸ், அதற்கு எதிர்வரிசையில் ஃப்ளூரீஸ். 2004இல் இந்தத் தெருவுக்கு மதர் தெரசா சரணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகையில் அது இருக்கிறது, டாக்ஸிக்காரரிடம் பார்க் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிரெதிரே இருக்கும் இந்த இரண்டு பெயர்களும் ஒரே கடையிலிருந்து பிரிந்தவை என்பது, ஃப்ளூரீஸில் ரம் பால் என்கிற சாக்லேட் உருண்டை வாங்கிப் போகிற பலருக்குத் தெரியாது. 1927இல் சுவிட்சர்லாந்துக்காரர்களான ஃப்ளூரி தம்பதி இந்தத் தெருவில் தேநீர்க் கடை வைத்தார்கள். அவர்களோடு தொழிலில் கூட்டாக இருந்தவர் க்வின்டோ சின்சியோ ட்ரிங்கா, அவரும் சுவிஸ்காரர். 1939இல் கூட்டு பிரிந்தது. ட்ரிங்கா தெருவைத் தாண்டி வந்து தன் பெயரிலேயே கடை போட்டார். கேக், பேஸ்ட்ரி, சாக்லேட், சாயங்காலத் தேநீர், அவ்வளவுதான் அப்போதைய வியாபாரம். வந்தவர்கள் ஆங்கிலேயர்களும், அவர்களோடு பழகிய பணக்காரக் குடும்பங்களும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கொல்கத்தாவில் பிரிட்டிஷ் கம்பெனிகள் உடனே மூட்டை கட்டவில்லை. தேயிலை, சணல், நிலக்கரி, கப்பல் என்று எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகம் இங்கேதான். அந்தக் கம்பெனிகளில் அதிகாரியாக இருந்த இந்தியர்களும் வெள்ளைக்காரர்களும் வேலை முடிந்து போவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1956இல் இந்தத் தெருவில் மொகாம்போ என்ற ரெஸ்டாரன்ட் திறந்தது. பாம் க்ரெயின் என்ற பாடகி அங்கே பாண்டோடு பாட, கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் ஸ்கை ரூம் வந்தது. 1959இல் ஓம் பிரகாஷ் பூரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் ட்ரிங்காவிடமிருந்து கடையை வாங்கினார்கள். தேநீர்க் கடையை ரெஸ்டாரன்ட்டாகவும் பாராகவும் மாற்றி, மேடை போட்டு, பாண்டை உட்கார வைத்தார்கள். சுவிஸ்காரரின் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டார்கள்.

இந்த முடிவைத்தான் நான் இந்தக் கடையின் உண்மையான தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் கொல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் நிறைய இருந்தார்கள். பியானோவும் ட்ரம்பெட்டும் வீட்டிலேயே கற்று வளர்ந்தவர்கள். பார்க் ஸ்ட்ரீட்டின் ஒவ்வொரு கதவும் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. வீட்டு வாடகை கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அளவுக்கு இசை ஒரு உத்தியோகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஜாம் செஷன் என்று தனியாக நடக்கும். பெங்களூரிலிருந்து பித்து என்ற இளைஞர் தன் ட்ரோஜன்ஸ் குழுவோடு வந்து ட்ரிங்காஸில் வாசித்திருக்கிறார். பிறகு லண்டன் போய், 1970களில் உலகம் முழுக்க விற்ற டிஸ்கோ இசைத்தட்டுகளைத் தயாரித்தவர் அவர்தான்.

1969இல் வந்தவர்தான் உஷா ஐயர், இன்றைக்கு நாம் உஷா உதுப் என்று சொல்கிறவர். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண், அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் இவருடைய கனத்த குரல் சேர்ந்து பாட ஒத்துவராது என்று இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்ற கிளப்பில்தான் அவர் முதன்முதலாக மேடை ஏறினார். அங்கிருந்து பம்பாய், பிறகு ட்ரிங்காஸ். மேடைப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பார் என்றிருந்த தெருவில் இவர் காஞ்சிபுரம் பட்டு கட்டி, பெரிய பொட்டு வைத்து, பூ முடித்து நின்று ஆங்கிலப் பாட்டு பாடினார். இதை வெறும் உடை விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை. குடும்பப் பெண்கள் போகக் கூடாத இடம் என்று ஒதுக்கி வைத்திருந்த நைட் கிளப்புக்கு, பாட்டியையும் பேத்தியையும் சேர்த்துக் கூட்டிப் போகலாம் என்கிற தைரியத்தை அந்தப் புடவை கொடுத்தது. லேக் மார்க்கெட்டில் வயதான தமிழர்கள் சிலர் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள்: “நம்மாத்துப் பொண்ணு பாடறான்னு கேட்டுத்தான் நாங்க மொத மொதல்ல பார்க் ஸ்ட்ரீட் பக்கமே போனோம்.” ஜானி உதுப்பை அவர் சந்தித்ததும் இங்கேதான். அப்புறம் கொல்கத்தாவே அவருடைய ஊர் ஆகிவிட்டது. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். பேட்டி கொடுக்கும்போது இன்றும் ட்ரிங்காஸின் பெயரைச் சொல்லத் தவறமாட்டார்.

இந்தச் செழிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1967க்குப் பிறகு நக்சல் கலவரம், தொழிற்சாலைகளில் அதிகாரிகளை வெளியே விடாமல் தொழிலாளர்கள் சுற்றி வளைக்கிற கெராவ், கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனது, 1971இல் எல்லை தாண்டி வந்த அகதிகள், போர், அதோடு 70கள் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. மெட்ரோவுக்காகச் சௌரங்கியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறின, வாத்தியக்காரர்களும் அவர்களோடு போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நேரடி இசை வைக்கிற ஓட்டல்கள் மீது விழுந்த கேளிக்கை வரி. பாட்டு இல்லாமல் சாப்பாடு மட்டும் போட்டால் வரி இல்லை. முதலாளி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டலாக மேடையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் நாலு மேசை போட்டார்கள். லூயிஸ் பேங்க்ஸ் பியானோ வாசித்த, ஆர். டி. பர்மன் வந்து அவரைக் கேட்டுவிட்டுப் போன ப்ளூ ஃபாக்ஸ் மூடிப்போனது. ஸ்கை ரூம் தொழிலாளர் தகராறில் 1993இல் மூடியது, திறக்கவே இல்லை. அங்கே சாப்பிட்ட இறால் காக்டெயிலைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது, இறந்துபோன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

அரசாங்கத்துப் பார்வையும் அப்போது வேறு மாதிரி இருந்தது. இடது முன்னணி அமைச்சரவையில் இருந்த ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப்பின் பாட்டு அபசம்ஸ்கிருதி, அதாவது பண்பாட்டைக் கெடுப்பது என்று சொன்னதும், அது பெரிய சர்ச்சையாகி உயர்நீதிமன்றம் வரை போனதும் 1980களில் நடந்தவை. அந்தச் சூழ்நிலையில், வரியும் கட்டி, பாடகருக்குச் சம்பளமும் கொடுத்து, மேடையை விடாமல் வைத்திருந்தது சாதாரணக் காரியம் இல்லை.

சரி, இப்போது நான் பார்த்த ட்ரிங்காஸ்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2000களின் தொடக்கத்தில். அப்போது பாட்டு கேட்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். 60களின் ஆங்கிலப் பாட்டுதான் அதிகம். பாடகர் ஒரு வரி எடுத்தால் மேசைகளிலிருந்து அடுத்த வரி வரும். இன்றைக்கு இளைஞர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது சுற்றில் பழைய இந்திக்குப் போய், கடைசியில் வங்காளப் பாட்டில் போய் நிற்கும். சிலருக்கு இந்த மாற்றம் பிடிப்பதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்கிற ஆள் மாறும்போது பாட்டும் மாறினால்தான் பாடுகிறவருக்கு நாளைக்கும் வேலை இருக்கும். கிஷோர் குமாரைக் கேட்டுத் துண்டுச்சீட்டு அனுப்புகிற பையனும், அவனுடைய தாத்தா காலத்து ஜாஸைக் கேட்டு அனுப்புகிற பெரியவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

உட்காரும் இடம் முக்கியம். மேடைக்கு நேர் முன்னால் உட்கார்ந்தால் பேச முடியாது, ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருக்கும். இசைக்காகவே போகிறவர்கள் அங்கே உட்காரலாம். நான் நண்பர்களோடு போனால் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக மேசை கேட்பேன். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற ஆளோடு மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் பாட்டு தொடங்குவதற்கு முன்பே போய்விட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி. கொல்கத்தாவில் கான்டினென்டல் என்றால் அது இந்த ஊருக்கே உரிய தனிச் சமையல். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர்களும் கிளப் சமையல்காரர்களும் கைமாற்றிக் கைமாற்றி வந்தது. இத்தாலிக்கோ பிரான்ஸுக்கோ போய்வந்தவர்கள் இதை அந்த ஊர்ச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவார்கள். வெண்ணெய், க்ரீம், வெள்ளை சாஸ், சீஸ் எல்லாம் தாராளம், காரம் குறைவு. நான் எப்போதும் முதலில் கேட்பது பெட்கி மீன். நம்மூரில் கொடுவா என்று சொல்வோமே, அதேதான். முள் இல்லாத துண்டை எலுமிச்சையும் வெண்ணெயும் விட்டுச் சமைத்துத் தருவதோ, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவதோ, இரண்டும் பிடிக்கும். கீவ் சிக்கன் பார்க் ஸ்ட்ரீட்டின் அடையாளங்களில் ஒன்று. உள்ளே வெண்ணெயை வைத்துச் சுருட்டிப் பொரித்த கோழி, கத்தி வைத்ததும் உருகிய வெண்ணெய் பீறிக்கொண்டு வரும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனச் சாப்பாடு வேண்டும் என்றால் அதற்குத் தனியாக மிங் ரூம் இருக்கிறது. இந்தியச் சாப்பாடும் கிடைக்கும், அதற்காக ட்ரிங்காஸ் வரை போக வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். “பார்லயா என்னைக் கூட்டிண்டு வந்திருக்கே?” என்றுதான் உள்ளே நுழைந்தாள். வயதான பரிமாறுபவர் ஒருவர் வந்து “மாஷிமா” (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா மாதிரி) என்று கூப்பிட்டு, முட்டை இல்லாதது எது, எதில் என்ன போடுவார்கள் என்று ஒவ்வொன்றாக இந்தியில் நிதானமாகச் சொன்னார். வெள்ளை சாஸில் காய்கறியைப் போட்டு மேலே சீஸ் தூவி ஓவன் அடுப்பில் சுட்டது வந்தது. அம்மா பாதி சாப்பிட்டாள். பாட்டு தொடங்கியதும் தட்டை மறந்துவிட்டாள். நான் கிளம்பலாமா என்று கேட்டதற்கு “இருடா, அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணு பாடட்டும்” என்று சொன்னவள், அடுத்த தடவை வந்தபோது அவளாகவே கேட்டுக் கூட்டிப்போகச் சொன்னாள்.

பரிமாறுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதே தெருவில் பெயர் பெற்ற இன்னொரு இடத்தில், வரிசையில் நெடுநேரம் நின்று மேசை கிடைத்த பிறகு, கடைசி வாய் விழுங்குவதற்குள் பில்லைக் கொண்டு வந்து வைத்து, நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த குடும்பத்தைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். ட்ரிங்காஸில் என்னை யாரும் எழுப்பியதில்லை. காரணம் எளிது: பாட்டு கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டு முடித்தவர் மெதுவாகக் காபியோ இன்னொரு கிளாஸோ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதில் அவர்களுக்கும் வருமானம்தான்.

செலவு என்று பார்த்தால், தெருவோரக் கடையின் விலை இல்லை, நட்சத்திர ஓட்டலின் விலையும் இல்லை. நடுத்தரக் குடும்பம் மாதம் ஒருமுறை போய்வரலாம். பில்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, மதுபானத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனி. அதனால் குடிக்கிற மேசைகளுக்குக் கணக்கு இரண்டாகப் பிரிந்து வரும்.

2010 மார்ச் 23ஆம் தேதி எதிர்ப்பக்கத்து ஸ்டீஃபன் கோர்ட் கட்டடம் தீப்பிடித்து 43 பேர் செத்துப்போனார்கள். ஃப்ளூரீஸும் பீட்டர் கேட் என்ற ரெஸ்டாரன்ட்டும் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இந்தத் தெருவுக்கே போகத் தோன்றவில்லை. ஜன்னல்கள் கருகிப்போய் நின்ற கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? அன்று முதல் பழைய ஓட்டல் எதற்குள் நுழைந்தாலும், வெளியே போகும் இன்னொரு வழி எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கொல்கத்தாவின் பழைய கட்டடங்களுக்குப் போகிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

2020இல் ஊரடங்கு வந்தபோது மறுபடியும் பயந்தேன். ஓட்டல்கள் திறந்த பிறகும் மேடைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தது. பாட்டு திரும்ப வந்தது. இன்னொன்றும் நடந்திருக்கிறது. பூரி குடும்பத்தின் இளைய தலைமுறை, அந்த மேடையில் பாடியவர்கள், வாசித்தவர்கள், கேட்டவர்களிடமிருந்து படங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்த்து வருகிறது. உலகத்தின் பல மூலைகளில் வயதாகிப்போன கிதார்க்காரர்களும் பாடகிகளும் தங்கள் பெட்டிகளைத் திறந்து கொடுக்கிறார்கள். நம் சென்னையில் 2008இல் மூடிய டிரைவ்-இன் உட்லண்ட்ஸுக்கு இப்படி யாராவது உட்கார்ந்து செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். கதீட்ரல் சாலையில் அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அங்கே மரத்தடியில் காரில் உட்கார்ந்து காபி குடித்த ஒரு தலைமுறையின் கதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது.

பார்க் ஸ்ட்ரீட்டில் இசை வைக்கும் எல்லா இடங்களிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. மெனு அட்டையில் மீனின் பெயரை எழுதுகிற மாதிரி, அன்றைக்குப் பாடுகிறவரின் பெயரையும் எழுதுங்கள். கிதார், டிரம்ஸ் வாசிக்கிறவர்களின் பெயரையும் சேர்த்து. உஷா உதுப்பை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களின் பெயரைக் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: வாரநாள் சாயங்காலம்தான் நல்லது. எட்டு மணிக்குள் போய்விட்டால் விருப்பமான மேசை கிடைக்க வாய்ப்பு அதிகம். டிசம்பர் கடைசி வாரம் தெருவே விளக்கும் கூட்டமுமாக நிரம்பிவிடும், தெருவில் இருக்கிற ஆலன் பார்க் பூங்காப் பக்கம் நடக்கக்கூட இடம் இருக்காது. அந்த வாரத்தில் போவதென்றால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் வாருங்கள். திரும்பிப் போகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று உள்ளே நுழைவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசிச் சுற்றுப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருவது கஷ்டம். பரிமாறியவருக்கு டிப்ஸ் வைக்கும்போது, மேடையில் இருப்பவர்களுக்கும் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.